புது வீட்டு வயரிங்: தளம் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் கடைக்கும் கதவுக் கடைக்கும் நாள்கணக்கில் அலைவார்கள். வயரிங்கை மட்டும் "எலக்ட்ரீஷியன் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டில் தரைத்தளமும் ஒரு மாடியுமாகத் தனி வீடு கட்டுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வயரை எப்போது வேண்டுமானாலும் உருவிவிட்டு வேறு வயர் இழுத்துக்கொள்ளலாம், ஆனால் கான்கிரீட்டுக்குள் போன பைப்பை மாற்ற முடியாது. இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் எல்லாப் பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

வயரிங் பற்றி எப்போது யோசிக்கத் தொடங்க வேண்டும்?

சென்ட்ரிங் அடிப்பதற்கு முன்பே. ஃபேனுக்கும் சீலிங் விளக்குக்கும் போகும் பைப்புகள் தளத்துக்குள்தான் போகின்றன. கம்பி கட்டி முடிந்ததற்கும் கான்கிரீட் கொட்டுவதற்கும் நடுவில் எலக்ட்ரீஷியனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில் வெயிலில் நின்றுகொண்டு "டிவி எந்தச் சுவரில் வரும்?" என்று யோசிக்க ஆரம்பித்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

அதனால் வீட்டு வரைபடத்தை நாலைந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டில், பீரோ, சோபா, சாப்பாட்டு மேசை, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் பென்சிலால் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் குறித்துவிடுங்கள். கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சுவிட்ச் போர்டுகளை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். பொருள்களின் இடம் முடிவான பிறகுதான் சுவிட்ச், பிளக், விளக்கு. குடும்பத்தில் எல்லோரையும், முக்கியமாக அடுப்படியில் அதிக நேரம் நிற்கிறவரை, அந்தத் தாளைப் பார்க்க வையுங்கள்.

எந்த அளவு பைப் போட வேண்டும்? காலிப் பைப் எங்கெங்கே விட வேண்டும்?

வழக்கமாக 20 மி.மீ. பைப்தான், அதாவது முக்கால் இஞ்ச், வீடு முழுக்கப் போடுவார்கள். ஒரு ஃபேன், இரண்டு விளக்குக்கு அது போதும். ஆனால் டி.பி. பெட்டியிலிருந்து (வீட்டின் எல்லா லைன்களுக்கும் கரண்ட் பிரியும் பெட்டி) ஒவ்வொரு அறையின் மெயின் போர்டுக்கும் வரும் பாதையில் 25 மி.மீ. கேளுங்கள். இன்று மூன்று வயர் போகும் இடத்தில் நாளை ஆறு வயர் போக வேண்டியிருக்கும். குழாயின் உள்பரப்பில் பாதிக்குமேல் வயர் அடைத்தால் இழுப்பதும் கஷ்டம், வயர் சூடும் அதிகம். நாற்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்ல பழக்கம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மீடியம் அல்லது ஹெவி ரகப் பைப்பாகவே வாங்குங்கள். மெல்லிய ரகம், தளத்தில் ஆட்கள் நடக்கும்போதே நசுங்கிவிடும். வளைவுகளில் எல்போ வேண்டாம், நீளமான பெண்ட் போடச் சொல்லுங்கள். எல்போ வைத்த இடத்தில் பத்து வருடம் கழித்துப் புது வயர் இழுத்தால் மாட்டிக்கொள்ளும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு வளைவுக்கு மேல் வந்தால், இடையில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்துவிடுவது நல்லது.

அப்புறம் காலிப் பைப்புகள். இவற்றுக்குள் இன்று எதுவும் போகாது, ஒரு இழுகம்பி மட்டும் கிடக்கும். மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை 40 மி.மீ. பைப் ஒன்று, மொட்டை மாடியிலிருந்து வீட்டின் நெட்வொர்க் மையத்துக்கு (எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் இடம்) 32 மி.மீ. ஒன்று, தரைத்தளத்துக்கும் மாடிக்கும் நடுவில் 32-ல் இரண்டு, காம்பவுண்டுச் சுவர் கேட் தூணுக்கு 25-ல் இரண்டு, கார் நிறுத்தும் இடத்துக்கு 32-ல் ஒன்று. ஹாலில் டிவிக்குப் பின்னால் இருந்து கீழே டிவி ஸ்டாண்டு உயரம் வரை 50 மி.மீ. குழாய் ஒரு துண்டு பதித்துவிட்டால், டிவி கேபிள்கள் சுவரில் தொங்காது. வசதியிருந்தால் ஒவ்வொரு படுக்கையறையின் எதிரெதிர்ச் சுவர்களுக்கும் ஒரு காலிப் பைப் கொடுங்கள். கட்டிலைத் திருப்பிப் போடும் நாள் எல்லா வீட்டிலும் வரும்.

இதற்கெல்லாம் செலவு அதிகமாகுமே?

வீட்டின் மொத்தச் செலவில் பி.வி.சி. பைப்பின் பங்கு மிகச் சிறியது. பிறகு சுவரை வெட்டி, பூசி, பட்டி பார்த்து, மறுபடி பெயிண்ட் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் குறைகிறது என்றால் விலையுயர்ந்த மாடுலர் சுவிட்சைத் தள்ளிப்போடுங்கள், அதைப் பிறகு ஒரே நாளில் மாற்றிக்கொள்ளலாம். பைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தளத்துக்குள் நிறையப் பைப் போனால் பலம் குறையாதா?

நியாயமான பயம். வீட்டுத் தளம் பொதுவாக ஐந்து அங்குலம். பைப்புகள் கீழ்க்கம்பிக்கு மேலே, தளத்தின் நடுப்பகுதியில் போக வேண்டும். சென்ட்ரிங் பலகையை ஒட்டிக் கிடக்கக் கூடாது. நாலைந்து பைப்பை ஒட்டி ஒட்டி ஒரே கட்டாக ஓட்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கான்கிரீட் இறங்க இடம் வேண்டும். பீமைக் குறுக்கே துளைப்பது, தூணுக்குள் பெட்டி வைப்பது எல்லாம் உங்கள் பொறியாளரைக் கேட்காமல் நடக்கவே கூடாது.

கான்கிரீட் போடும் நாளில் நான் என்ன பார்க்க வேண்டும்?

எல்லாப் பைப் முனைகளும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபேன் பாக்ஸுக்குள் கான்கிரீட் போகாமல் அடைத்திருக்க வேண்டும். பைப் இணைப்புகளில் பசை போட்டிருக்கிறார்களா, வெறுமனே சொருகிவிட்டார்களா என்று இழுத்துப் பாருங்கள். வைப்ரேட்டர் பிடிக்கிறவரிடம் பைப் போகும் பாதையை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். எலக்ட்ரீஷியன் அன்று கட்டாயம் அங்கே இருக்க வேண்டும். ஒரு பைப் கழன்றால் அந்த நிமிடத்தில் சரிசெய்ய அவரால்தான் முடியும்.

எந்த வயர் எங்கே?

விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. செப்பு வயர். 16 ஆம்ப்ஸ் பவர் பிளக்குக்கு 2.5. ஏசிக்கும் கீசருக்கும் 4 போட்டுவிட்டால் நிம்மதி. இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், கிரைண்டர் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும் சமையலறைக்கு இரண்டு தனி லைன்களாவது வேண்டும். 2000 வாட் இண்டக்‌ஷன் மட்டுமே 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் இழுக்கும், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்ப்ஸ். இவற்றை ஒரே வயரில் தொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக விழும் பிரேக்கர்) வயரைக் காப்பதற்காகத்தான் இருக்கிறது. அதனால் 1.5 வயருக்கு 10 ஆம்ப்ஸ், 2.5-க்கு 16 அல்லது 20, 4-க்கு 25, 6-க்கு 32 என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. "அடிக்கடி ட்ரிப் ஆகுது, பெரிய பிரேக்கரா போட்டுடலாம்" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். சுவருக்குள் வயர் எரிவதற்கு அதுதான் வழி.

டி.பி. பெட்டியில் எத்தனை இடம்? ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர். எம்.சி.பி. மனிதரைக் காப்பாற்றாது. ஆறு ஆம்ப்ஸ் எம்.சி.பி. விழுவதற்கு ஆறு ஆம்ப்ஸுக்கு மேல் ஓட வேண்டும். உடம்பு வழியாக அதில் நூறில் ஒரு பங்கு ஓடினாலே உயிருக்கு ஆபத்து. 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. அந்தச் சின்னக் கசிவிலேயே கரண்டைத் துண்டித்துவிடும். ஈரக் கையோடு கீசர் சுவிட்சைத் தொடும் வீட்டில், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

ஆனால் முழு வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. வைத்தால் ஒரு தொல்லை உண்டு. மழையில் கேட் விளக்குக்குள் தண்ணீர் போனால் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாமே நின்றுவிடும். நீங்கள் ஊரில் இல்லாத நேரம் என்றால் ஃப்ரிட்ஜில் இருப்பது அவ்வளவுதான். வெளி விளக்கும் மோட்டாரும் ஒன்றில், தரைத்தளம் ஒன்றில், மாடி ஒன்றில் என்று பிரித்துவிடுங்கள். பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கும்படி பெரியதாகவே வாங்குங்கள். ஒவ்வொரு பிரேக்கருக்கும் அது எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் போட்ட பிறகு ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்கிறார்களே, ஏன்?

பெரும்பாலும் நியூட்ரல்தான் காரணம். ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை எளியது: பேஸ் வழியாகப் போன கரண்ட் முழுதும் தன் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று பார்க்கும். வித்தியாசம் இருந்தால் கசிவு என்று எடுத்துக்கொண்டு விழுந்துவிடும். இன்வெர்ட்டர் விளக்குகளுக்கு பேஸ் மட்டும் தனியாக இழுத்துவிட்டு, அறையில் ஏற்கெனவே இருக்கும் நியூட்ரலில் சேர்த்துக் கட்டிவிட்டால், போனது ஒரு வழி, வந்தது வேறு வழி. வீட்டில் எந்தக் கசிவும் இல்லாமலே ட்ரிப் ஆகும். கடைசியில் யாராவது வந்து "இந்த ஆர்.சி.சி.பி. சரியில்லை" என்று அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்டுப் போவார்கள். பாதுகாப்பே போய்விடும்.

தீர்வு வயரிங் நேரத்திலேயே இருக்கிறது. இன்வெர்ட்டரில் ஓட வேண்டியவை எவை என்று இப்போதே முடிவு செய்து, அவற்றுக்கு பேஸும் நியூட்ரலும் டி.பி. வரை தனியாக இழுக்கச் சொல்லுங்கள். டி.பி.யில் தனி நியூட்ரல் பட்டையும் வேண்டும். அந்தப் பட்டியலில் எல்லா அறையிலும் ஒரு விளக்கு, ஒரு ஃபேன், படிக்கட்டு விளக்கு, கேட் விளக்கு, கேமரா, இன்டர்நெட் ரௌட்டர் இருக்கும் பிளக் ஆகியவை சேர வேண்டும். ரௌட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபேன் ஓடும், நெட் இருக்காது.

பேட்டரி வைக்கும் இடம் டி.பி.க்கு அருகில், காற்றோட்டத்தோடு, பூஜை அறை விளக்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும்.

சுவிட்ச், பிளக் உயரங்கள்?

பொதுச் சுவிட்ச் போர்டு தரையிலிருந்து நான்கு அடி. வயதானவர்கள், குழந்தைகள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் மூன்றரை அடிக்கு இறக்குங்கள். கட்டில் பக்கம் இரண்டடி, இரு பக்கமும். விளக்குக்கும் ஃபேனுக்கும் கட்டிலருகே டூ வே சுவிட்ச் (இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்கலாம்). ஏசி பாயிண்ட் ஏழு அடிக்கு மேல். சமையல் மேடைக்கு மேலே ஓர் அடி, ஆனால் அடுப்புக்கும் சிங்குக்கும் நேர் மேலே வேண்டாம்.

எல்லாம் வைஃபையில் ஓடும்போது நெட்வொர்க் கேபிள் எதற்கு?

வைஃபை சிக்னல் செங்கல் சுவரைத் தாண்டும்போது குறையும், கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது இன்னும் மோசமாகக் குறையும். வேகம் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இதில் இன்னும் பலவீனம். கீழே ஹாலில் ரௌட்டர் வைத்துவிட்டு மாடி அறையில் வீடியோ மீட்டிங் நின்று நின்று வருகிறதே என்று கவலைப்படுவதில் பயன் இல்லை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு வைஃபை கருவி, அதுவரை ஒரு கேபிள். மாடியில் நல்ல வைஃபை வேண்டும் என்றால் மாடிக்கு ஒரு கேபிள் போக வேண்டும்.

இடம் விட்டு நகராத பொருள்களைக் கேபிளில் இணையுங்கள்: டிவி, படிக்கும் மேசைக் கணினி, கேமரா. போனுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை. அறைக்கு ஒரு இடத்தில் இரட்டை நெட்வொர்க் பிளக், ஹாலில் டிவிக்குப் பின்னால் இரண்டு, ஒவ்வொரு தளத்திலும் நடைபாதைச் சீலிங்கில் ஒன்று. இவ்வளவு போதும்.

கேட் 6 போதுமா, கேட் 6ஏ வேண்டுமா?

இவை நெட்வொர்க் கேபிளின் ரகங்கள் (Cat 6, Cat 6A). வீட்டுக்கு கேட் 6 தாராளம். 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட், சுமார் 55 மீட்டர் வரை பத்து கிகாபிட் ஓடும். எந்த வீட்டிலும் ஒரு கேபிள் அவ்வளவு நீளம் வராது. 6ஏ தடிமன் அதிகம், வளைப்பது கஷ்டம்.

கவனிக்க வேண்டியது வேறு. விலை குறைவாகக் கிடைக்கும் பெட்டிகளில் சில, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. அது எளிதில் ஒடியும், கேமராவுக்குக் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும்போது சூடாகும். முழுச் செம்பு என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரு முனையைச் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கரண்ட் பைப்பிலேயே நெட்வொர்க் கேபிளையும் இழுத்துவிடலாமா?

கூடாது. தனிப் பைப், தனிப் பெட்டி. அருகருகே போக வேண்டியிருந்தால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடந்தால் நேர்குறுக்காகக் கடக்கட்டும்.

எல்லா நெட்வொர்க் கேபிளும் எங்கே வந்து சேர வேண்டும்?

ஒரே இடத்தில். படிக்கட்டுக்குக் கீழே, லாஃப்டில், ஸ்டோர் ரூமில், எங்கே இருந்தாலும் சரி. அங்கே இன்வெர்ட்டர் லைனில் நான்கு பிளக்காவது வேண்டும், கொஞ்சம் காற்றும் வேண்டும். மூடிய மரப்பெட்டிக்குள் ரௌட்டரை வைத்தால் சூடாகும். ஒவ்வொரு அறையிலிருந்தும் தனிக் கேபிள் இங்கே வர வேண்டும். விளக்குக்குச் செய்வதுபோல் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தொடுத்துக்கொண்டு போகக் கூடாது. இதை எலக்ட்ரீஷியனிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்டர்நெட் நிறுவனத்தின் ஃபைபர் தெருக் கம்பத்திலிருந்து வருகிறது. அது வீட்டுக்குள் நுழைய வெளிச்சுவரிலிருந்து இந்த இடம் வரை 25 மி.மீ. பைப் ஒன்று விட்டால், ஜன்னல் ஓரத்தில் துளை போடும் வேலை இல்லை. வெளி முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் அதன் வழியாக உள்ளே வரும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் கூர்மையான வளைவு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கேமரா, காலிங் பெல்லுக்கு என்ன விட வேண்டும்?

வீட்டின் நான்கு மூலைகளிலும் சன்ஷேடுக்குக் கீழே ஒவ்வொரு கேட் 6. கேட் தூணுக்கு ஒன்று. ஒரே கேபிளில் கரண்டும் தகவலும் போகும் கேமராக்கள் இருப்பதால் தனிப் பிளக் தேவையில்லை. இன்று கேமரா வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் பைப்பை விட்டுவிடுங்கள்.

ஸ்மார்ட் சுவிட்ச் போடலாமா?

போடலாம், ஆனால் வீட்டையே அதை நம்பிக் கட்ட வேண்டாம். செயலி நின்றுபோனாலும், நிறுவனமே மூடிவிட்டாலும், கையால் அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். அதற்குத் தயாராக வயரிங் செய்வது எளிது: எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வர வேண்டும், பெட்டி ஆழமாக இருக்க வேண்டும். பிளக் இல்லாத தனிச் சுவிட்ச் பெட்டிகளில்தான் நியூட்ரலை விட்டுவிடுவார்கள். படிக்கட்டு, பாத்ரூம் வாசல் பெட்டிகளைக் குறிப்பாகச் சரிபாருங்கள்.

சோலாரும் மின்வாகனமும் பிறகு வரலாம். இப்போது என்ன செய்வது?

மொட்டை மாடியிலிருந்து மீட்டர் வரை மேலே சொன்ன காலிப் பைப்பே பாதி வேலை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் வீட்டுச் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு சோலாரைப் பற்றி விசாரிக்காத வீடு குறைவு. மீட்டர் பலகையில் இன்னொரு மீட்டர் அளவுக்கு இடமும், மாடியிலிருந்து தனி எர்த் கம்பி இறங்க வழியும் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்ஸ்கூட்டருக்கு ஒரு 16 ஆம்ப்ஸ் பிளக் போதும். காருக்கு 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்ப்ஸ் எடுக்கும், மணிக்கணக்கில் விடாமல் எடுக்கும். டி.பி.யிலிருந்து நேரடியாக 6 சதுர மி.மீ., தூரம் அதிகம் என்றால் 10, தனி பிரேக்கரோடு. மின்வாரிய அலுவலகத்தில் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தச் சுமையையும் சொல்லி மூன்று பேஸ் இணைப்புப் பற்றிக் கேளுங்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு ஏதாவது?

நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. சம்ப், போர், மேல்நிலைத் தொட்டி மூன்றிலிருந்தும் மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கும் இடத்துக்கு ஒவ்வொரு 20 மி.மீ. பைப். தொட்டி நிறைந்ததும் தானாக மோட்டார் நிற்கும் சென்சார் வயர் அதில் போகும். இது இல்லாத வீடுகளில் அந்த வயர் வெளிச்சுவரில் தொங்கி, வெயிலில் காய்ந்து, இரண்டு மூன்று வருடத்தில் அறுந்துவிடுகிறது.

எலக்ட்ரீஷியனிடம் எப்படிப் பேசி முடிப்பது?

பெரும்பாலும் பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். அந்தக் கணக்கில் காலிப் பைப்புக்கும் தனி நியூட்ரலுக்கும் கூலி இல்லை. பிறகு அவர் அதைச் செய்யவில்லை என்று கோபப்படுவது நியாயமில்லை. காலிப் பைப் அடிக்கணக்கில் இவ்வளவு, நெட்வொர்க் பாயிண்ட் இவ்வளவு, இன்வெர்ட்டர் தனி நியூட்ரல் உட்பட, எர்த் குழி எத்தனை, எல்லாவற்றையும் தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும், கான்கிரீட்டுக்கு முன் தளத்தையும், அளவு டேப் தெரியும்படி போட்டோ எடுத்து அறைவாரியாகப் பெயரிட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்துச் சுவரில் ஆணி அடிக்கப் போகிறவருக்கு அந்தப் போட்டோதான் வழிகாட்டும்.

தளம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, இதெல்லாம் இப்போதுதான் படிக்கிறேன். என்ன செய்யலாம்?

பூச்சு வேலை முடியவில்லை என்றால் பாதிக்கு மேல் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. சுவரில் மேலிருந்து கீழாக வெட்டிப் பைப் பதிக்கலாம். நாலரை அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் நீளமாக வெட்டக் கூடாது, தூணையும் பீமையும் தொடவே கூடாது. அறைக்கு அறை போவதற்கு லாஃப்டின் மேற்பக்கம், ஃபால்ஸ் சீலிங், டைல்ஸ் போடும் முன் தரை விளிம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். மாடிக்குப் போக, பாத்ரூம் குழாய்கள் ஏறும் வெளிச்சுவரை ஒட்டி, அவற்றிலிருந்து தள்ளி, 32 மி.மீ. பைப் ஒன்று ஏற்றி வெயில் படாதபடி மூடிவிடலாம்.

பூச்சும் பெயிண்டும் முடிந்துவிட்டால், சுவரின் மேல் ஒட்டும் பி.வி.சி. கேஸிங் பட்டை இருக்கிறது. கதவுச் சட்டத்தை ஒட்டியும் சீலிங் ஓரத்திலும் ஓட்டி, சுவரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தால் கண்ணுக்கு உறுத்தாது. முதலில் மாடிக்கு ஒரு நெட்வொர்க் கேபிள், அடுத்து டி.பி.யில் ஆர்.சி.சி.பி., பிறகு இன்வெர்ட்டர் நியூட்ரல் பிரிப்பு என்ற வரிசையில் செய்ய நினைப்பவர்கள் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்: ஆர்.சி.சி.பி.தான் முதலில், அதுவும் இந்த வாரமே.